‘ஃபேமிலிக்கு மட்டும்’: பேச்சிலருக்கும் கல்யாணம் ஆகாத ஜோடிக்கும் வீடு வாடகைக்கு விடுறது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை வச்சுக்கிட்டே, படிக்க வசதியா கொஞ்சம் திருத்தி, துணைத்தலைப்பு சேர்த்திருக்கோம்.)

இந்த வாரம் ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிக்கலாம். அனுப்பினவங்களுக்குச் சொந்த ஊர் காட்டுமன்னார்கோயில், வேலை சென்னையில. பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. அவங்க பேசினதைச் சுருக்கிச் சொல்றேன்.

“அண்ணா, ஊர்ல எங்க வீட்டு மாடி போர்ஷன் அஞ்சு மாசமா பூட்டிக் கிடக்கு. ரெண்டு ரூம், கிச்சன், பாத்ரூம், வெளியில தனிப் படி. அப்பா வாசல்ல போர்டு மாட்டியிருக்காரு: ‘வீடு வாடகைக்கு. ஃபேமிலிக்கு மட்டும்.’ முதல்ல மூணு நர்ஸ் பொண்ணுங்க வந்து கேட்டாங்க. ‘பேச்சிலருக்கு விடுறதில்லம்மா’ன்னு அனுப்பிட்டாரு. போன மாசம் ஒரு பையனும் பொண்ணும் வந்தாங்க. ரெண்டு பேருக்கும் பக்கத்துலதான் வேலை. கல்யாணம் ஆகலைன்னு ஒளிக்காம சொல்லிட்டாங்க. அப்பா கதவைச் சாத்திட்டாரு. நான் வேளச்சேரியில மூணு பொண்ணுங்களோட சேர்ந்து வீடு எடுத்துத் தங்கியிருக்கேன். அந்த வீடு கிடைக்கிற வரைக்கும் எத்தனை ஓனர் எங்களை ‘இல்லம்மா’ன்னு அனுப்பினாங்கன்னு அப்பாவுக்குத் தெரியும். அப்ப அவங்களையெல்லாம் திட்டினவரே அவர்தான். இப்ப அதையே அவரும் செய்றாரு. அவர்கிட்ட என்னன்னு பேசுறது?”

இதைக் கேட்டதும், இது நம்ம நேயர்கள்ல பாதிப் பேரோட கதைன்னு தோணிச்சு. நகரத்துல நாம வாடகைக்கு வீடு தேடுறவங்க. ஊர்ல நம்ம அப்பா அம்மா வீட்டு ஓனர். அதனால இன்னைக்கு ஓனர் பக்கம் நின்னு பேசப்போறேன். ரூம்மேட்ஸுக்கோ ஜோடிக்கோ ஒரு வீட்டை விளம்பரம் பண்ணி, ஒழுங்கா அக்ரிமென்ட் போட்டு, நிம்மதியா வாடகைக்கு விட முடியுமா? முடியும். எப்படின்னு பார்ப்போம்.

அப்பா எதுக்குப் பயப்படுறாரு?

‘ஃபேமிலிக்கு மட்டும்’னு எழுதுறவரைப் பத்து நிமிஷம் உட்கார வச்சுக் கேட்டா, நாலு பயம் வெளியில வரும். ஒண்ணு, வாடகை ஒழுங்கா வராது. ரெண்டு, வீட்டைப் பாழாக்கிடுவாங்க. மூணு, போலீஸ் கேஸ்னு ஏதாவது வந்துடும். நாலு, அக்கம்பக்கத்துல என்ன பேசுவாங்க.

முதல் ரெண்டுக்கும் காகிதத்துலயே தீர்வு இருக்கு. மூணாவது, பாதிக்கு மேல தவறான தகவல். நாலாவதுதான் உண்மையான பிரச்சினை. ஆனா பேசும்போது நம்ம ஆளுங்க நாலையும் ஒரே மூட்டையா கட்டி ‘பேச்சிலர் தொல்லை’ன்னு பேர் வச்சிடுறாங்க. அப்பாகிட்ட பேசப்போறவங்க முதல்ல அந்த மூட்டையைப் பிரிக்கணும்.

சட்டம் என்ன சொல்லுது?

மூணாவது பயத்துல இருந்து வர்றேன். வயசுக்கு வந்த ரெண்டு பேர், கல்யாணம் பண்ணிக்காம சேர்ந்து வாழ்றது இந்தியாவுல குற்றம் கிடையாது. இதை உச்ச நீதிமன்றம் தெளிவா சொன்ன வழக்கே தமிழ்நாட்டுல இருந்து போனதுதான். 2005-ல ஒரு பத்திரிகை பேட்டிக்காக நடிகை குஷ்பு மேல 23 புகார் வழக்குகள் போட்டாங்க, பெரும்பாலும் தமிழ்நாட்டுல. 2010 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் எல்லாத்தையும் ரத்து பண்ணுச்சு. ஒரு விஷயம் சிலருக்கு ஒழுக்கக்கேடா தெரியலாம், அதனாலயே அது குற்றமாகிடாதுங்கிறதுதான் அந்தத் தீர்ப்போட சாரம்.

இடத்தை வாடகைக்குக் கொடுத்தவருக்கு என்ன ஆகும்? அதுக்கும் நம்ம ஊர் உதாரணம் இருக்கு. 2019-ல கோயம்புத்தூர்ல ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டுக்கு அதிகாரிகள் சீல் வச்சாங்க. சொன்ன காரணங்கள்ல ஒண்ணு, அங்க கல்யாணம் ஆகாத ஜோடி தங்கியிருந்தாங்க. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் ஹோட்டல் ரூம்ல தங்கக்கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்லைன்னு சொல்லி, அந்த டிசம்பர்ல சீலை எடுக்கச் சொன்னாங்க.

வாட்ஸ்அப்புல ஒரு ஃபார்வேர்டு சுத்துது: ‘சேர்ந்து வாழ்றவங்க அரசாங்கத்துல பதிவு பண்ணணும்.’ அது உத்தராகண்ட்ல 2025 ஜனவரியில நடைமுறைக்கு வந்த பொது சிவில் சட்டம். தமிழ்நாட்டுல அப்படி ஒரு சட்டம் இல்லை.

ஆனா மறுபக்கத்தையும் சொல்லணும். ‘எங்களுக்கு வீடு கொடுக்கலை’ன்னு அந்த ஜோடி அப்பா மேல கேஸ் போட முடியுமா? கல்யாணம் ஆகலைங்கிற காரணத்துக்காக வீடு மறுக்கக்கூடாதுன்னு நம்ம வாடகைச் சட்டத்துல ஒரு வரிகூட இல்லை. அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல இருக்கு. அங்க சிகோன்னு ஒரு ஊர், சிதம்பரம் மாதிரி யுனிவர்சிட்டியை நம்பி வாடகைக்கு வீடு விடுற ஊர். நாலு வீடு வச்சிருந்த ஒரு அம்மா, மத நம்பிக்கையைச் சொல்லி, கல்யாணம் ஆகாத ஜோடிக்கு வீடு மறுத்தாங்க. 1996-ல கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அவங்களுக்கு எதிரா தீர்ப்பு சொல்லுச்சு. இங்க அந்த அளவு பாதுகாப்பு இல்லை. அதனால அப்பாவைச் சட்டத்தைக் காட்டி மிரட்ட முடியாது. பேசித்தான் ஒத்துக்க வைக்கணும்.

போர்டுல என்ன எழுதலாம்?

‘ஃபேமிலிக்கு மட்டும்’ங்கிற போர்டு யார் வேண்டாம்னு மட்டும்தான் சொல்லுது. வீட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. காட்டுமன்னார்கோயில் மாதிரி ஊர்ல வாடகைக்கு வீடு தேடி வர்றது யாரு? மாற்றலாகி வந்த பேங்க் ஊழியர், ஆஸ்பத்திரி நர்ஸ், அரசு கலைக் கல்லூரிக்கு வந்த கெளரவ விரிவுரையாளர், ரோடு கான்ட்ராக்ட்ல வேலை பார்க்கிற இன்ஜினியர். வீராணம் தண்ணி சென்னைக்குப் போற மாதிரி ஊர்ப் பிள்ளைங்களும் சென்னைக்குப் போயிடுறாங்க. வேலைக்காக வெளியூர்ல இருந்து இங்க வர்றவங்கள்ல நிறைய பேர் தனியாதான் வர்றாங்க. சிதம்பரத்துல கேக்கவே வேண்டாம். 1929-ல அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்ததுல இருந்து, அண்ணாமலை நகரைச் சுத்தி மாணவர்களுக்கு ரூம் விடுறது பல குடும்பங்களுக்கு வருமானம்.

இவங்களுக்குத் தேவையான தகவலை எழுதுங்க. உதாரணத்துக்கு:

‘மாடி வீடு வாடகைக்கு. 2 ரூம், கிச்சன், பாத்ரூம், தனிப் படி, தனி ஈபி மீட்டர். 3 பேர் வரை தங்கலாம். வாடகை ரூ.7,500, அட்வான்ஸ் ரூ.22,500. தண்ணீர் போர்வெல். 2 பைக் நிறுத்தலாம். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் உண்டு. வேலை செய்பவர்கள், படிப்பவர்கள், குடும்பத்தினர் கேட்கலாம்.’

இதுல மூணு விஷயத்தைக் கவனிங்க. ஆள் எண்ணிக்கை இருக்கு. அதனால ‘மூணு பேருன்னு சொல்லிட்டு ஏழு பேர் வந்துட்டாங்க’ங்கிற சண்டை வராது. ஒப்பந்தம் உண்டுன்னு சொல்லியாச்சு. ஏமாத்த நினைக்கிறவங்க அங்கயே விலகிடுவாங்க. தனி ஈபி மீட்டர்னு போட்டாச்சு. ரூம்மேட்ஸுக்கு இது பெரிய விஷயம், ஏன்னா ‘யூனிட்டுக்கு எவ்வளவு’ங்கிற தகராறே அதுல முடிஞ்சிடும்.

சின்ன ஊர்ல இந்த விளம்பரம் ஆப்ல போட்டா பெருசா ஓடாது. ஆஸ்பத்திரி ஸ்டாஃப், பேங்க், கல்லூரி ஊழியர்களோட வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்ச் சேரணும். ரூம், கிச்சன், பாத்ரூம், படி, நாலுக்கும் பகல் வெளிச்சத்துல ஒவ்வொரு போட்டோ போதும்.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்க வேண்டாம்?

வீடு பார்க்க வர்ற எல்லார்கிட்டயும் ஒரே கேள்விகளைக் கேளுங்க. எங்க வேலை? எத்தனை நாளைக்கு வீடு வேணும்? மொத்தம் எத்தனை பேர் தங்குவீங்க? வாடகையை யார் அனுப்புவீங்க? முன்னாடி இருந்த வீட்டு ஓனர் நம்பர் தர முடியுமா? அடையாள அட்டை, வேலைக்கான ஆதாரம் இருக்கா? கடைசி ரெண்டு கேள்விக்கு வர்ற பதில்ல ஒருத்தரோட நாணயம் ஓரளவு தெரிஞ்சிடும். கழுத்துல தாலி இருக்கிறதை வச்சு வாடகை ஒழுங்கா வருமான்னு சொல்ல முடியாது.

கேட்கக் கூடாத கேள்வி ஒண்ணு இருக்கு. அது நேரா வராது. ‘சொந்த ஊர் எது? எந்தத் தெரு? வீட்டுல கறி சமைப்பீங்களா?’ன்னு சுத்தி வளைச்சு வரும். பல ஊர்ல ‘ஃபேமிலிக்கு மட்டும்’ங்கிறதுக்குப் பின்னாடி ‘நம்ம ஆளுங்களுக்கு மட்டும்’னு சின்ன எழுத்துல ஒரு வரி இருக்கு. பேச்சிலரை வேண்டாம்னு சொல்றதுக்குத் தடை இல்லைன்னு சொன்னேன். ஆனா இதுக்குத் தடை இருக்கு. தீண்டாமையைக் காரணமா வச்சு ஒருத்தர் ஒரு வீட்டுல குடியேறுறதைத் தடுக்கிறது, 1955-ஆம் வருஷத்து குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவுப்படி தண்டனைக்குரிய குற்றம்.

அந்தச் சட்டத்துக்கும் காட்டுமன்னார்கோயிலுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. முதல்ல அதுக்குப் பேர் தீண்டாமை (குற்றங்கள்) சட்டம். அது நடைமுறையில எப்படித் தோத்துப்போகுதுன்னு நாடு முழுக்கப் போய் ஆராய 1965-ல மத்திய அரசு ஒரு குழு போட்டுச்சு. 1969-ல அறிக்கை கொடுத்த அந்தக் குழுவோட தலைவர் எல். இளையபெருமாள், காட்டுமன்னார்கோயில்காரர். அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1976-ல சட்டத்தைக் கடுமையாக்கி, இப்ப இருக்கிற பேரை வச்சாங்க. அதே ஊர்ல ஒரு டூ-லெட் போர்டு எழுதும்போது இதை ஞாபகத்துல வச்சுக்கணும்.

ரூம்மேட்ஸுக்கு அக்ரிமென்ட் எப்படி?

தமிழ்நாட்டுல 2019 பிப்ரவரி 22-ல இருந்து புது வாடகைச் சட்டம் நடைமுறையில இருக்கு. முழுப் பேர், தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குபடுத்துதல் சட்டம், 2017. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும். அதை வாடகை அதிகாரிகிட்ட பதிவும் செய்யணும். இணையத்துலயே விண்ணப்பிக்கலாம். ‘11 மாசத்துக்கு ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிட்டோம், அது போதும்’ங்கிறது பழைய கணக்கு.

ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்கலைன்னா, அட்வான்ஸ் 3 மாச வாடகையைத் தாண்டக்கூடாது. வீட்டைக் காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, நியாயமான கழிவு போக மீதியைத் திருப்பிக் கொடுக்கணும். ஓனர் வீட்டுக்குள்ள வரணும்னா 24 மணி நேரம் முன்னாடி தகவல் சொல்லணும். கோபத்துல தண்ணி, கரண்டை நிறுத்தக்கூடாது.

இந்தச் சட்டம் ஓனருக்கும் பாதுகாப்புதான். ரெண்டு மாச வாடகை பாக்கி வச்சு, நோட்டீஸ் கொடுத்தும் கட்டலைன்னா வீட்டைத் திரும்பக் கேட்கலாம். அனுமதி இல்லாம உள்வாடகைக்கு விட்டாலும் கேட்கலாம். அப்பாவோட முதல் ரெண்டு பயத்துக்கும் இதுதான் பதில். கல்யாணம் ஆன குடும்பம் வாடகை கொடுக்கலைன்னாலும் இதே வழிதான்.

ரூம்மேட்ஸ் விஷயத்துல எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு உண்டு. நாலு பேர் தங்குவாங்க, அக்ரிமென்ட் ஒருத்தர் பேர்ல இருக்கும். அந்த ஒருத்தர் வேலை மாறிப் போயிடுவார். மீதி மூணு பேர் யாருன்னு ஓனருக்குத் தெரியாது. ‘என் அட்வான்ஸ் பங்கு எங்க?’ன்னு அவங்க கேட்டா பதிலும் இருக்காது. அதனால தங்குற எல்லார் பேரும் ஒப்பந்தத்துல வரணும், எல்லாரும் கையெழுத்துப் போடணும்.

எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டா இன்னொண்ணும் நடக்கும். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தோட 43-ஆவது பிரிவுப்படி, சேர்ந்து வாக்கு கொடுத்தவங்கள்ல யார்கிட்ட வேணும்னாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். மூணு பேர்ல ஒருத்தர் தன் 2,500-ஐக் கொடுக்கலைன்னா, மத்த ரெண்டு பேர்கிட்ட ஓனர் முழு 7,500-ஐக் கேட்க முடியும். அவங்க கொடுத்துட்டு, அந்த மூணாவது ஆள்கிட்ட அவர் பங்கை வசூல் பண்ணிக்கலாம். இது ஓனருக்குச் சாதகம். வாடகைக்கு வர்றவங்க கையெழுத்துக்கு முன்னாடியே இதைப் புரிஞ்சுக்கணும். கூட வர்ற ஆள் யாருங்கிறது அப்பதான் எவ்வளவு முக்கியம்னு தெரியும். இது வேண்டாம்னா, அவங்கவங்க பங்குக்கு அவங்கவங்க பொறுப்புன்னு வெளிப்படையா எழுதிக்கணும்.

ஒப்பந்தத்துல சேர்க்க வேண்டிய வேற சில வரிகள்:

– அட்வான்ஸ்ல யார் எவ்வளவு கொடுத்தாங்க.
– ஒருத்தர் நடுவுல போனா எத்தனை நாள் முன்னாடி சொல்லணும். அவருக்குப் பதிலா புது ஆள் வர்றதுக்கு ஓனரோட எழுத்துப்பூர்வ சம்மதம் வேணும். புது ஆள் அட்வான்ஸ் பங்கைக் கொடுத்ததும் பழையவருக்கு அது போகணும்.
– காலி பண்ணும்போது பெயின்ட் செலவு யாருடையது, எவ்வளவு. பெரும்பாலான சண்டை இதுலதான் ஆரம்பிக்குது.
– குடி வர்ற அன்னைக்கு எடுத்த போட்டோ, வீடியோ ரெண்டு தரப்பு போன்லயும் இருக்கணும்.

மாணவர்களுக்கு விடுறவங்க ஒண்ணு கவனிக்கணும். முதல் வருஷம் சேர்றவங்களுக்கு 17 வயசு இருக்கலாம். 18 ஆகாதவங்க போடுற ஒப்பந்தம் செல்லாது. அப்பா அம்மாவுல ஒருத்தர் பேர்ல போடுங்க.

ஜோடிக்கு விடும்போது

காகிதத்தைப் பொறுத்தவரை ஜோடியும் ரெண்டு ரூம்மேட்தான். ஒப்பந்தத்துல ‘உறவு’ன்னு ஒரு கட்டம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனா ரெண்டு பேர் பேரும் கட்டாயம் வேணும். ஏன்னா பெரும்பாலும் பையன் பேர்ல மட்டும் போட்டுடுவாங்க. பிரிவு வந்தா அந்தப் பொண்ணுக்கு அந்த வீட்டுல இருந்ததுக்கே சாட்சி இருக்காது. கல்யாணத்துக்கு நிகரான உறவுல சேர்ந்து வாழ்ற பெண்ணுக்கு, சேர்ந்து இருந்த வீட்டுல தங்குற உரிமையை 2005-ஆம் வருஷத்து குடும்ப வன்முறைச் சட்டம் கொடுக்குது. அது எந்த மாதிரி உறவுக்குப் பொருந்தும்னு உச்ச நீதிமன்றம் 2010-ல வேலுசாமி வழக்குல வரையறுத்துச்சு. அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான். அங்க போய் நிற்க வேண்டி வந்தா, ரெண்டு பேர் போட்டு வச்ச வாடகை ஒப்பந்தம் பெரிய துணை.

‘அப்ப ஃபேமிலின்னா என்னப்பா?’ன்னு அப்பா கேட்கலாம். 2025 மே மாசம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பத்தை உருவாக்க கல்யாணம் மட்டுமே வழி இல்லைன்னு சொல்லியிருக்கு. ரெண்டு பெண்கள் சேர்ந்து வாழ்ற வழக்குல சொன்னது அது. போர்டுல இருக்கிற அந்த வார்த்தைக்கே அர்த்தம் கொஞ்சம் விரிஞ்சிருக்கு.

நாலாவது பயம்

கடைசியா, அக்கம்பக்கம். இதுக்கு எந்த ஷரத்தும் எழுத முடியாது. ‘ஊர் என்ன பேசும்’ங்கிறது நம்ம மாவட்டத்துல வெறும் பேச்சோட நிற்காதுன்னு அந்த அப்பாவுக்கு நம்மளைவிட நல்லாத் தெரியும்.

கண்ணகி – முருகேசன் வழக்கு நடந்தது கடலூர் மாவட்டத்துலதான், 2003-ல, விருத்தாசலம் பக்கத்துல. முருகேசன் தலித், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல இன்ஜினியரிங் படிச்சவர். ரெண்டு பேரும் ரகசியமா பதிவுத் திருமணம் பண்ணிக்கிட்டு, சேர்ந்து வாழ முடியாம தனித்தனியா இருந்தாங்க. தேடிக் கண்டுபிடிச்சு, விஷம் கொடுத்துக் கொன்னாங்க. கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு வர 2021 ஆச்சு. உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செஞ்சது 2025 ஏப்ரல்ல. அவங்க சட்டப்படி கணவன் மனைவி. ‘ஃபேமிலிக்கு மட்டும்’னு போர்டு போட்ட வீட்டுக்கும் தகுதியானவங்க.

இதை ஏன் சொல்றேன்னா, வீடு கேட்டு வந்து நிக்கிற ஜோடிக்கு அந்த வீடு வெறும் வசதியா இல்லாம இருக்கலாம். அப்படிப்பட்டவங்களுக்கு மாவட்டந்தோறும் பாதுகாப்பு இல்லம் அமைக்கிறதைப் பரிசீலிக்கச் சொல்லி, 2018-ல சக்தி வாஹினி வழக்குல உச்ச நீதிமன்றம் மாநில அரசுகளுக்கு உத்தரவு போட்டிருக்கு. கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டும் இல்லை, பண்ணிக்கப் போறவங்களுக்கும்.

ஒரு ஓனரால செய்ய முடிஞ்சது இவ்வளவுதான். வாடகைக்கு இருக்கிறவங்க விவரத்தை, கேட்கிற யார்கிட்டயும் சொல்லாம இருக்கிறது. ‘சொந்தக்காரங்க’ன்னு யாராவது கும்பலா வந்தா கதவைத் திறந்து விடாம, உள்ள இருக்கிறவங்களுக்கு முதல்ல போன் பண்றது. நிலைமை மோசமானா 100 அல்லது 112, பெண்களுக்கு 181. பக்கத்து வீட்டுல கேட்டா, ‘வேலைக்குப் போறவங்க, வாடகை ஒழுங்கா தர்றாங்க’ன்னு ஒரே பதிலை எல்லார்கிட்டயும் சொல்றது. அதுக்கு மேல யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பொறுப்பை ஏத்துக்க ஒருத்தருக்குத் தயக்கம் இருந்தா, அதை நான் கேலி பண்ண மாட்டேன். ஆனா தயக்கத்துக்குக் காரணம் ‘பேச்சிலர் தொல்லை’ இல்லைன்னு அவர் தனக்குத்தானே ஒத்துக்கணும்.

எபிசோட் பதிவு பண்றதுக்கு முன்னாடி அந்த நேயர்கிட்ட இதையெல்லாம் பேசினேன். அவங்க அப்பாகிட்ட பேசிட்டு, நேத்து மறுபடியும் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க.

“அண்ணா, அப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், ‘உனக்கு வேளச்சேரியில வீடு கொடுத்த அந்த அம்மா, உன்கிட்ட என்ன கேட்டாங்க?’ன்னு கேட்டாரு. ‘வேலை எங்க, எத்தனை பேரு, எப்ப வருவீங்க, அவ்வளவுதாம்ப்பா’ன்னேன். காலையில போர்டைக் கழட்டி, அந்த ரெண்டாவது வரியை அழிச்சிட்டாரு. நர்ஸ் பொண்ணுங்க நம்பர் இருக்கான்னு கேட்டிருக்காரு. ஜோடிக்குக் கொடுக்கிறதைப் பத்தி இன்னும் ஒத்துக்கலை. ‘பார்ப்போம்’னு மட்டும் சொல்றாரு.”

அந்தப் ‘பார்ப்போம்’ எப்ப ‘சரி’யா மாறும்னு எனக்குத் தெரியாது. உங்க ஊர்ல உங்க வீட்டு வாசல்ல என்ன போர்டு தொங்குதுன்னு இந்த வாரம் ஒரு போன் போட்டுக் கேளுங்க. அப்பா அம்மா என்ன சொன்னாங்கன்னு எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.